மாங்கா

"ரெண்டு பக்கம் எழுது. அவன் தேறுவானா, மாட்டானா... அவ்வளவுதான். பொய் மட்டும் எழுதாதே!"

2019 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறந்த முதல் நாள். பி.டி சார் தன் ரூமில், காலொடிந்த கேரம்போர்டுக்கும் கிழிந்த வாலிபால் நெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

அந்த 'அவன்' என் கிளாஸ்மேட். செகண்ட் இயர். இடதுகை வேகப்பந்து வீச்சாளன். பேர் வேண்டாம், 'லெஃப்ட்டு' என்றே வைத்துக்கொள்வோம். டீமே அப்படித்தான் கூப்பிட்டது. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். விடியக்காலையில் மார்க்கெட்டில் அப்பாவோடு கூடை இறக்கிவிட்டு, தக்காளி வாசனையோடு கிளாஸுக்கு வருவான். சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடுகிற ஒரு கிளப், வெளியூர்ப் பையன்களைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே சாருக்குத் தெரிந்தவர் ஒருத்தர், 'பையனைப் பத்தி எழுதி அனுப்பு. சரிப்பட்டா ட்ரையலுக்குக் கூப்பிடறோம்' என்று சொல்லியிருந்தார்.

என்னை ஏன் எழுதச் சொன்னார்? நான்தான் டீமுக்கு ஸ்கோரர். ஃபர்ஸ்ட் இயரில் விக்கெட் கீப்பராகத்தான் இருந்தேன். லெஃப்ட்டு போட்ட ஒரு பந்து என் சுண்டுவிரலைப் பதம் பார்த்ததோடு அந்தக் கதை முடிந்தது. (விரல் இன்னமும் முழுசா மடங்காது. மேத்ஸ் பரீட்சையிலிருந்து தப்பிக்க மட்டும் அது உதவவே இல்லை!) அப்புறம் புளியமரத்தடி டேபிள், கலர் பேனா, ஸ்கோர் நோட்டு. இதுதான் என் மைதானம்.

ஊரில் யாரைக் கேட்டாலும் லெஃப்ட்டைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்... "அடுத்த நடராஜன்!"

சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டம்தான். ஆனால், எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ரோட்டோரம் சிக்கன் கடை போட்ட அம்மா, இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால் மட்டும், அப்புறம் சென்னை லீக்கின் நாலாவது டிவிஷன், 2016-ல் டி.என்.பி.எல் சூப்பர் ஓவரில் போட்ட யார்க்கர்கள், 2017 ஐ.பி.எல் ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து பஞ்சாபுக்கு 3 கோடி. எங்கள் டீக்கடைகளில் இதை எல்லாருமே மனப்பாடமாகச் சொல்வார்கள். இடதுகையில் பந்தைப் பிடிக்கிற ஒவ்வொரு பையனுக்கும் அந்த மூணு கோடி கனவில் வந்துகொண்டிருந்த சமயம் அது.

இன்னொரு பேச்சும் இருந்தது. 2017-ல் நடராஜன் 6 மேட்ச் ஆடி 2 விக்கெட்தான் எடுத்தார். அடுத்த வருடம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, ஒரு மேட்ச்கூட ஆடவிடவில்லை. 'அவ்ளோதான்யா, லக்குல வந்தது, போயிருச்சு!' இதைச் சொன்னதும் அதே டீக்கடைதான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஒரு ஆட்டக்காரன் தேறுவானா என்று எப்படி எழுதுவது? எனக்குத் தெரியாது. ராத்திரி போர்வைக்குள்ளே போனில் தேடினேன். வந்து விழுந்தது எல்லாம் அமெரிக்கா! அவர்கள் ஊர் ஃபுட்பாலில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒரு ஆள். டீமுக்கு மூளையும் அவனே, கையும் அவனே. எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டு மூணு செகண்டில், யாருக்குப் பந்து வீசுவது என்று முடிவு பண்ண வேண்டும். காலேஜில் கலக்கின குவார்ட்டர்பேக் பெரிய லீகில் தேறுவானா என்று கணிக்கிறதே அங்கே ஒரு தொழில். வருஷா வருஷம் பையன்களை வரவழைத்து உயரம், எடை, உள்ளங்கை அகலம் வரைக்கும் அளக்கிறார்கள். 40 கஜம் ஓடவிட்டு ஸ்டாப் வாட்ச்சை அமுக்குகிறார்கள்.

இத்தனையும் அளந்து என்ன ஆச்சு? டாம் பிராடி என்று ஒருத்தர். அந்த 40 கஜத்தை 5.28 செகண்டில் ஓடினார். 'இவன் ஓடற லட்சணத்துக்கு...' என்று ஆகிவிட்டது. 2000-ம் வருடத் தேர்வில் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னாடி ஆறு குவார்ட்டர்பேக்குகள்! கடைசியில் சாம்பியன் பட்டம் ஏழு முறை ஜெயித்தது அந்த 199-வது ஆள்தான். இன்னொரு பக்கம் ரயன் லீஃப். 1998-ல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி, நாலு வருடத்தில் ஆளே காணோம்.

எனக்கு ஒரே சந்தோஷம். கோடி கோடியாகக் கொட்டுகிறவர்களே கோட்டை விடுகிறார்கள் என்றால், பி.எஸ்சி மேத்ஸ் செகண்ட் இயர் தப்பாக எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்?

மறுநாள் ஸ்கோர் நோட்டைப் பிரித்தேன். அந்த சீசனில் லெஃப்ட்டு 11 மேட்ச், 31 விக்கெட். பார்த்ததும் கை தட்டத் தோன்றுகிற கணக்கு. ஆனால், நோட்டில் யார் யாரை அவுட் ஆக்கினான் என்றும் இருக்குமே! ஒவ்வொரு விக்கெட்டாக எண்ணினேன். 31-ல் 14 பேர் எட்டாவது, ஒன்பதாவதாக இறங்கி, பேட்டைத் துடைப்பம் மாதிரி பிடிப்பவர்கள். முதல் நாலு இடத்தில் ஆடுகிறவர்கள் 9 பேர்தான். இன்னொன்று... 8 மேட்ச் எங்கள் செம்மண்ணில், மேட் விரித்து ஆடினது. மேட்டில் பந்து சும்மாவே எகிறும். சேலத்தில் டர்ஃப் விக்கெட்டில் ஆடின 3 மேட்ச்சில் அவன் எடுத்தது மொத்தம் 4 விக்கெட். கை தட்டினவன் கையைக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் வேறொன்றைத் தேடினேன். சிக்ஸர் வாங்கின அடுத்த பந்து என்ன ஆச்சு? ஸ்கோர் நோட்டில் பெளலர் பக்கத்தில் ஒவ்வொரு பந்தையும் வரிசையாகக் குறிப்போம். '6' என்று எழுதின கட்டத்துக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். சீசன் முழுக்க அவன் வாங்கினது 11 சிக்ஸர். முதல் ஏழுக்கு அடுத்த பந்துகளில் நாலு வைடோ, நோ-பாலோ. மீதி மூணும் பவுண்டரி! கோபத்தில் கண் தெரியாமல் குட்டையாகக் குத்தியிருக்கிறான். ஆனால், அக்டோபருக்கு அப்புறம் வாங்கின நாலு சிக்ஸருக்கு அடுத்த பந்துகள்... ஒரு டாட், ஒரு விக்கெட், ஒரு சிங்கிள், ஒரு டாட்.

எனக்கே புல்லரித்துவிட்டது. யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடி வாங்கி வாங்கி அவனாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். 31 விக்கெட்டைவிட இந்த நாலு கட்டங்கள் பெரிசு என்று தோன்றியது. பக்கம் ஒன்றரை, கிடுகிடுவென எழுதிவிட்டேன். யார்க்கரைப் பற்றி ஒரு பாராவே எழுதினேன். டென்னிஸ் பாலில் தையல் கிடையாது, ஸ்விங் பண்ணி ஏமாற்ற வழி இல்லை. கொஞ்சம் குட்டையாகப் போட்டால் வேலி தாண்டிப் போய்விடும். அதனால் டென்னிஸ் பால் பெளலருக்குக் காலடியில் குத்துவதுதான் பிழைப்பு. நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கு யார்க்கர் வருவதற்கு இதுதான் காரணம்... இப்படி ஒரே பெரிய மனுஷத்தனம்.

மீதி அரைப் பக்கம் இருந்தது. பேனா நின்றுவிட்டது.

ஏனென்றால், டென்னிஸ் பால் இன்னொன்றையும் பழக்கிவிடும். அது ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். கிரிக்கெட் பால் 156-லிருந்து 163 கிராம். அந்த லேசான பந்தில் வேகம் வேண்டும் என்றால் தோளை மட்டும் சுழற்றினால் போதாது. முழங்கையைச் சாட்டை மாதிரி சுண்டிவிடத் தோன்றும். அதற்குத் தெருவில் நாம் வைத்த பேர் உங்களுக்கே தெரியும்... 'மாங்கா'! கல் விட்டு மாங்காய் அடிக்கிற ஆக்‌ஷன். (மாந்தோப்புகளுக்குப் பேர்போன மாவட்டத்துக்காரன் நான். எனக்கு இது தெரியாமல் இருக்குமா?)

என் புளியமரம் பிட்ச்சுக்குப் பக்கவாட்டில் இருந்தது. ரோட்டுப் பக்க எண்டிலிருந்து லெஃப்ட்டு போடும்போது அவன் இடது கை எனக்கு நேராகத் தெரியும். சாதாரணப் பந்துகளில் ஒன்றும் இல்லை. கை சுத்தமாக வரும். ஆனால், கடைசி ஓவர்களில் உயிரைக் கொடுத்துப் போடுகிற அந்த வேகமான யார்க்கர், அந்த பவுன்சர்... அப்போது மட்டும் முழங்கை மடங்கி, படக்கென்று நிமிரும். பேட்ஸ்மேனுக்குத் தெரியாது. அந்த எண்ட் அம்பயருக்குத் தெரியாது. லெக் அம்பயராக நிற்பது பெரும்பாலும் பேட்டிங் டீம் பையன், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, சீசன் முழுக்க.

ரூல் என்னவென்று தேடிப் படித்தேன். முழங்கை மடங்கியிருப்பது தப்பே இல்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலைவிட்டுப் போகிறவரை அது நிமிரக் கூடாது. 15 டிகிரி வரைக்கும் ஐ.சி.சி விட்டுக்கொடுக்கிறது. அந்த 15 டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது. உடம்பில் மார்க்கர் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்துத்தான் அளப்பார்கள். சென்னை போரூர் ராமச்சந்திராவில் அப்படி ஒரு லேப் இருக்கிறது. பாகிஸ்தானின் முகமது ஹபீஸை 2015-ல் அங்கேதான் சோதித்தார்கள். நம் முரளிதரனை 1995-ல் மெல்போர்னில் 'நோ-பால், நோ-பால்' என்று கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். அவருக்குப் பிறவியிலேயே கை முழுசாக நிமிராது என்று அப்புறம் லேபில்தான் தெளிவாச்சு. பெரிய பெரிய அம்பயர்களே தடுமாறுகிற விஷயத்தில், புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படி அடித்துச் சொல்வது?

இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். உண்மையான காரணம் வேறு. 'வேகமாகப் போடும்போது கை மடங்குகிறது' என்று ஒரு வரி எழுதினால், அந்த கிளப் கூப்பிடாது. வேறு ஆளா இல்லை அவர்களுக்கு? அவன் அப்பாவுக்கு இந்த ஒரு வாய்ப்பைத் தவிர வேறு எதற்கும் பையனை விடுகிற எண்ணம் கிடையாது. அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு தடவை தக்காளி விலை போகாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தார்கள். நாளைக்குக் காலையில் அவன் என் பக்கத்து பெஞ்சில் உட்காருவானே, அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

எழுதவில்லை. 'கடின உழைப்பாளி. நல்ல ஒழுக்கம் உள்ள மாணவர்' என்று அரைப் பக்கத்தை நிரப்பினேன். பி.டி சார் படித்தார். கடைசிப் பாராவில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்ற மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கூப்பிட்டார்கள்! ஏப்ரலில் மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறினான். வழியனுப்ப அஞ்சு பேர் போனோம். அவன் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் பாதியை பிளாட்பாரத்திலேயே நாங்கள் முடித்துவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் போன். குரலே இல்லை.

"மூணு பால்தான்டா போட்டேன். நாலாவதுக்கு ஓடி வரும்போது கோச் கையைத் தூக்கி நிறுத்திட்டாரு."

"என்னாச்சு?"

"பக்கத்துல வந்து மெதுவா சொன்னாரு. 'தம்பி, கை மடங்குது. சரி பண்ணிட்டு அடுத்த வருஷம் வா'ன்னு. நல்ல மனுஷன். டீகூட வாங்கிக் குடுத்தாரு."

நான் பேசவில்லை. அவனே கேட்டான்.

"மச்சான்... நீ சைடுலதான உக்காந்திருப்ப. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"இல்லைடா" என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

லைன் கட் ஆகிவிட்டது.

பி.டி சாரிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியும்டா. நீ எழுதுவியான்னு பார்த்தேன். நீ எழுதலைன்னதும்... எனக்கும் மனசு வரலை" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த கேரம்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் எனக்கு நடராஜன் கதையின் நடுப்பக்கம் ஞாபகம் வந்தது. டீக்கடையில் யாரும் சொல்லாத பக்கம் அது. 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக முதல் ரஞ்சி மேட்ச். அந்த ஒரே மேட்ச்சோடு, பந்துவீச்சு ஆக்‌ஷன் சந்தேகத்துக்கு இடமானது என்று ரிப்போர்ட் ஆகிவிட்டார். இருபது வருஷம் பழகின கையைக் கழற்றிவைத்துவிட்டு வேறு கை மாட்டிக்கொள்கிற மாதிரி வேலை. சுனில் சுப்ரமணியம் போன்ற கோச்சுகளின் உதவியோடு ஒரு வருஷத்துக்கும் மேல் அதைச் செய்தார். அந்த 2016 சூப்பர் ஓவர் யார்க்கர்கள் எல்லாம் திருத்தின கையிலிருந்து வந்தவை! இதையும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கலாமே... 'கை மடங்குகிறது, ஆனால் இவன் அடி வாங்கினால் கற்றுக்கொள்கிற ஆள்' என்று இரண்டையும் சேர்த்து? அந்த நாலு கட்டங்களை வைத்துக்கொண்டே இந்த வரி எனக்குத் தோன்றவில்லை.

ஜூனில் காலேஜ் திறந்ததும் லெஃப்ட்டு என் பெஞ்சிலிருந்து இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தான். என்னோடு பேச்சு இல்லை. ஆனால், தினமும் சாயங்காலம் கிரவுண்டில் இருந்தான். பி.டி சார் அவன் முழங்கையில் அட்டையை வைத்துத் துணி சுற்றிக் கட்டிவிடுவார். ரன்-அப் கிடையாது. நின்ற இடத்திலிருந்து சுவரைப் பார்த்து ஐம்பது பந்து. அப்புறம் நாலடி நடந்து ஐம்பது. ஒரு மாசம் கழித்துத்தான் ஓடவிட்டார். கை சுத்தமாச்சு. வேகம் போயிடுச்சு! காற்று இறங்கின சைக்கிள் மாதிரி வந்தது பந்து. எங்கள் டீம் பத்தாவது பேட்ஸ்மேன்கூட முன்னாடி வந்து தூக்கி அடித்தான். நான் நோட்டில் '6' எழுதுவேன். அடுத்த கட்டத்தைப் பார்ப்பேன். டாட். டாட். ஒருநாள்கூட அவன் பழைய கையைத் தேடிப் போகவில்லை. சீசன் முடிவில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரலில் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

மார்ச்சில் ஊரடங்கு. ரயிலே இல்லை. ட்ரையலும் இல்லை. பரீட்சையே எப்போது என்று தெரியாத வருடம் அது.

அந்த நவம்பரில் அபுதாபியில் நடராஜன் போட்ட யார்க்கரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் போனது. அந்த ஐ.பி.எல்-லில் 16 மேட்ச், 16 விக்கெட். நெட் பெளலராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒரு நாள் போட்டியில் இறங்கினார். லபுஷேன் போல்டு! அடுத்த நிமிஷம் என் போனில் ஒரு மெசேஜ். ஒன்றரை வருஷம் கழித்து.

'பாத்தியா?'

'பாத்தேன்' என்று அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் அப்பாவுக்கு முட்டி வலி, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டது, ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சொல்லியிருப்பது... இதெல்லாம்தான். அடுத்த வருஷம் அந்த வேலைக்குப் போய்விட்டான். கம்பெனி டீமில் ஆடுகிறான். சுத்தமான கை, மீடியம் பேஸ். சென்னைக்கு மறுபடி போகவில்லை. போயிருந்தால் தேறியிருப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுத வேண்டிய நேரத்தில் எழுதாதவன் நான்.

போன மாசம் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவன் ஊர்ப் பையன், ஸ்கூல் படிக்கிறான். அவனும் இடதுகை. கீழே ஒரே வரி: 'இவனைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு.' போன் பண்ணினேன்.

"முதல்ல கையைப் பாரு" என்றான்.

"பதினோரு தடவை பாத்துட்டேன். கை சுத்தமா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சிக்ஸ் அடிச்சா அடுத்த பாலை வைடு போடறான். மூணு தடவை."

சிரித்தான். "அது சரியாயிடும்."

"எப்டிடா சொல்ற?"

"எனக்குச் சரியாச்சுல்ல. நீதான நோட்டுல எழுதி வெச்சிருந்த!"